சந்தேகம்னா நிழல்

படம் அழகாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

தம்பி சோபாவில் மல்லாந்து படுத்து, பனியனை மார்புவரை தூக்கிவிட்டிருந்தான். வலப்பக்க அடிவயிற்றில், ஆபரேஷன் தழும்புக்கு ஒரு விரல் தள்ளி, தீப்பெட்டி அளவில் சாம்பல் நிற பேட்ச் ஒட்டியிருந்தது. காதுக்குக் கேட்காத ஒலியை அது இருபத்து நாலு மணி நேரமும் உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒலி மோதித் திரும்பி வருவதை வைத்துச் சிறுநீரகத்தைப் படமாக வரைந்து போனில் காட்டும். இப்போதும் காட்டியது. கருப்புக்கு நடுவில் சாம்பலாக ஒரு சிறுநீரகம், அதற்குள் சிவப்பும் நீலமுமாக ஓடும் ரத்தம், கீழே பச்சை டிக். 'உங்கள் சிறுநீரகம் நலமாக இருக்கிறது.'

"குழி எங்கடா?" என்றாள்.

அந்தச் சிறுநீரகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தாறு வருடம் அவளுக்குள் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால்தான் அதைத் தம்பிக்குக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன் எடுத்த ஸ்கேனில், மேல் விளிம்பில் சின்னதாக ஒரு குழி இருப்பதை டாக்டர் சுட்டிக்காட்டினார். பிறவியிலேயே இருப்பது, கெடுதல் ஒன்றுமில்லை என்றார். "குடுக்கறதுதான் குடுக்கறே, பாத்து நல்லதா ஒண்ணு குடுக்கக் கூடாதா? கீழ விழுந்த சொம்பு மாதிரி நெளிஞ்சிருக்கு" என்று தம்பி அன்றிலிருந்து அவளை ஓட்டிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு படத்திலும் அந்தக் குழி இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமைவரை இருந்தது. இன்றைக்கு இல்லை. விளிம்பு வழவழவென்று, பாடப் புத்தகத்தில் வரைந்ததைப் போல வளைந்து போனது.

"மூணு வேளையும் வெளுத்துக் கட்டறேன்ல, அது ரொம்பியிருக்கும்" என்றான் தம்பி.

சிரித்தான். ஆனால் கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. விரல்களும் உப்பியிருந்தன. குளியலறையில் சிறுநீரை அளந்து பார்க்க வைத்திருந்த ஜாடியில் நேற்று முழுவதற்கும் சேர்த்து இரண்டு கோடுகூட ஏறவில்லை. இந்த ஒரு சிறுநீரகமும் போனால் அவனுக்கு வேறு கிடையாது. அவளிடமும் கொடுக்க இன்னொன்று இல்லை.

"வலிக்குதா?"

"வலி இல்லக்கா. எப்படிச் சொல்றது. கையைக் குடு."

கொடுத்தாள். மணிக்கட்டைப் பிடித்தான். அழுத்தவில்லை, முறுக்கவில்லை. வெறுமனே பிடித்தான். உப்பிய விரல்கள் ஒவ்வொன்றாக இடம் பார்த்து உட்கார்ந்தன.

"இப்படித்தான். மூணு நாளா. மூச்சை இழுத்தா கொஞ்சம் விடும். வெளிய விட்டா திரும்பப் பிடிக்கும்."

அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டு வந்தார்கள். ட்யூட்டி டாக்டர் தம்பியின் வயிற்றைத் தொடவே இல்லை. தன் கையிலிருந்த திரையைப் பார்த்தே பேசினார். "படம் சுத்தமா இருக்கேம்மா. பிரச்சினைன்னா சிவப்பு அலெர்ட் வரும், பெட்டும் தானா ரெடி ஆயிடும். அது வராம நான் அட்மிஷன் போட முடியாது." பழையபடி கையால் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் மெஷினில் ஒரு தடவை பார்க்கச் சொல்லிக் கேட்டாள். "அதையெல்லாம் எடுத்துட்டாங்கம்மா. இதுதான் எப்பவும் பாத்துட்டே இருக்கே" என்றார். ரத்தம் எடுத்துக்கொண்டு, முடிவு மறுநாள் சாயங்காலம் வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வழியெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷன் உடம்பு வீங்கி எதிரில் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பார்க்காமல் அவன் படத்தைப் பார்க்கிறார்கள். அந்தப் படம் எங்கே பார்க்கப்படுகிறது, யாரால் பார்க்கப்படுகிறது என்பது அந்த டாக்டருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். பதினொரு மாதமாக அவளும் அதைப் பார்க்கும் ஆட்களில் ஒருத்தி.

*

அவள் வேலை பார்த்த அறைக்குப் பகல் என்பது கிடையாது. சாம்பலுக்கும் கருப்புக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று ஜன்னல்களில் கருப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். வெளியே பதினொரு மணி வெயில் கொளுத்தும்போதும் உள்ளே நாற்பது திரைகளின் வெளிச்சமும், அந்த வெளிச்சத்தில் நீலம் பூத்த நாற்பது முகங்களும்தான். குளிரில் ஊறிய கம்பளத்தின் மக்கல் வாசனை, சூடேறிய பிளாஸ்டிக் வாசனை, எங்கோ ஆறிப்போன காபியின் வாசனை. பேச்சுக் குரலே இருக்காது. கேட்பதெல்லாம் பட்டன் சத்தம்தான். ஓட்டின்மேல் தூறல் விழுவதுபோல, டிக், டிக், டிக்டிக் என்று.

ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று பட்டன்கள். இடது ஓரத்தில் 'சரி'. நடுவில் 'டாக்டர்', அதை அழுத்தினால் சிவப்பு அலெர்ட் போய், ஆஸ்பத்திரியில் பெட் ஒதுக்கப்படும். வலது ஓரத்தில் 'நிழல்'. எலும்போ வாயுவோ குறுக்கே வந்தால் ஒலி அதைத் தாண்டிப் போகாது, பின்னால் கருப்பாக விழும். அது நோய் இல்லை, வெறும் நிழல். அந்தப் பட்டனை அழுத்தினால் படம் அழிந்து அடுத்த படம் வரும். ஒரு படத்துக்கு நாலு செகண்ட்.

நாலு செகண்ட் என்பது அவர்களுடைய மேற்பார்வையாளரின் பட்டப்பெயரும்கூட. மனுஷன் வாயைத் திறந்தால் அதைத்தான் சொல்வார். அவர் சொல்லும் இன்னொரு மந்திரம், "சந்தேகம்னா நிழல்." தேவையில்லாமல் டாக்டர் பட்டனை அழுத்தினால் ஏன் அழுத்தினாய் என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். நிழலை அழுத்தினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்த அறையிலேயே வேகமான விரல் அவளுடையதுதான். அதனால் அவளுக்கு 'நிழல் ராணி' என்று பெயர். அவளும் அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டிருந்தாள்.

இந்தத் திங்கட்கிழமை ஒரு மாற்றம் வந்தது. மெஷின் கற்றுக்கொண்டுவிட்டதாம். இனி நிழல்களை அதுவே துடைத்துவிட்டு, நிழலுக்கு அடியில் என்ன இருந்திருக்கும் என்று யூகித்து நிரப்பியும் விடுமாம். அதற்குக் கழுவின படம் என்று பேர் வைத்தார்கள். நோயாளிக்கும் டாக்டருக்கும் போவது அதுதான். கழுவ முடியாமல் மெஷின் தடுமாறும் படங்கள் மட்டும் இவர்களிடம் வரும். அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள். அவளும்தான் தட்டினாள்.

இன்றைக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் மேற்பார்வையாளரின் மேஜைக்குப் போய் நின்றாள்.

"சார், எனக்கு ஒரு கழுவாத படம் பாக்கணும். என் தம்பியோடது."

"சொந்தக்காரங்க படத்தைப் பாக்கக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அப்ப நீங்க பாருங்க. பாத்துட்டு என்ன இருக்குன்னு சொன்னா போதும்."

"என்னத்தைப் பாக்கறது? சுத்தமா இருக்குன்னு மெஷின் சொல்லுது."

"மெஷின் தப்பா வரையுது சார். இல்லாத இடத்தை நிரப்புது. அவனுக்கு உடம்பெல்லாம் வீங்கியிருக்கு."

அவர் நாற்காலியில் சாய்ந்து, பெரிய மனதோடு சிரித்தார். "ராணி, மெஷினுக்கு நிழல்னா என்னன்னு சொல்லிக் குடுத்தது யாரு? நீங்கதான். பாதிக்கு மேல உங்க ஒரு ஆள் விரலைப் பாத்துத்தான் அது கத்துக்கிச்சு. உங்க மேலயே உங்களுக்கு நம்பிக்கை இல்லையா? போங்க, போய் உக்காருங்க. எத்தனை நாலு செகண்ட் போச்சு பாருங்க."

பாராட்டாகத்தான் சொன்னார். அவளுக்குக் காதுமடல் சுட்டது. அந்தச் சிரிப்பின்மேல் ஓங்கி ஒன்று வைத்தால் என்ன என்று தோன்றியது. வைக்கவில்லை. போய் உட்கார்ந்தாள், அந்தக் கோபத்தோடேயே படங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு கல்லீரல், சரி. ஒரு இதயம், சரி. இன்னொரு கல்லீரல், ஓரத்தில் கருப்பு, நிழல். அழுத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எதை அழுத்தினோம்?

கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கருப்பை ஞாபகப்படுத்திப் பார்த்தாள். நாலு மெல்லிய கோடுகள், பக்கத்தில் பக்கத்தில். அவற்றுக்குக் கீழே, தனியாக, குட்டையாக, தடிமனாக ஒன்று. இதை அவள் முதல் தடவை பார்த்தது வேலைக்குச் சேர்ந்த மாதத்தில். யாரோ ஒருவருடைய கல்லீரல். விலா எலும்புகளின் நிழல் அப்படித்தான் வரிசையாக விழும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் நிழல் என்றால் பேட்சிலிருந்து நேராகக் கீழே விழவேண்டும். இவை சாய்ந்திருந்தன, நுனியில் லேசாக வளைந்திருந்தன. அன்றைக்கு அதை யோசிக்க அவளுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. சந்தேகம், நிழல், அடுத்தது. பிறகு வாரத்துக்கு ஒன்று வந்தது. பிறகு தினம் பத்து. பிறகு அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

விலா என்றே வைத்துக்கொண்டாலும், தம்பிக்கு வைத்த சிறுநீரகம் இருப்பது அடிவயிற்றில். அங்கே விலா ஏது?

அடிவயிற்றில் பேட்ச் ஒட்டியவர்களின் படங்களும் அவளிடம் வந்திருக்கின்றன. மூத்திரப்பைகள், கருப்பைகள், மாற்று வைத்த சிறுநீரகங்கள். அவற்றிலும் அந்த ஐந்து கோடுகள் இருந்தனவா? இருந்தன. அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, இருந்தன. அவள் அழுத்தியிருக்கிறாள். அந்த ஆட்களுக்கு அப்புறம் என்ன ஆனது? யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. அவளைப் பார்த்து மெஷின் கற்றுக்கொண்டது. எதைத் துடைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டது. இப்போது அந்தக் கோடுகளாக வருவது என்னவாக இருந்தாலும் யார் கண்ணிலும் படாது. அதற்கு ஒளிந்துகொள்ள இடம் கட்டிக்கொடுத்தவள் அவள்.

தன்மேல் வந்த கோபத்தில் கண்ணில் நீர் முட்டியது.

*

ஒரு மணிக்கு மேற்பார்வையாளர் சாப்பிடப் போனார். அவர் கதவைத் தாண்டியதும் அவள் எழுந்து, நேராகப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. அவர் மேஜையிலும் அதே மூன்று பட்டன்கள்.

பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "ஏய், என்னடி பண்றே? வேலை போயிடும்."

"போகட்டும்."

போனில் தம்பியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். அவன் பேட்ச் நம்பரைத் தட்டினாள். மேல் மூலையில், அவர் திரையில் மட்டும் உள்ள ஒரு கட்டம்: 'கழுவாமல் காட்டு'. தொட்டாள்.

படம் ஒரு நொடி நடுங்கிவிட்டு, சொரசொரப்பாக, மணல் கொட்டியதுபோல் வந்து நின்றது. மேல் விளிம்பில் குழி இருந்தது. அதைப் பார்த்ததும், தொலைந்துபோன பிள்ளையைப் பார்த்ததைப் போல அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இருக்கிறது. அவளுடையதுதான். அங்கேதான் இருக்கிறது.

"அக்கா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்டா. அசையாம படு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். சிறுநீரகத்தின் மேல்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு நாலு கருப்புக் கோடுகள். கீழ்ப்பக்கத்திலிருந்து குட்டையாக ஒன்று. நடுவில் சிறுநீரகம், பிடியில் மாட்டிய மாம்பழத்தைப் போல.

"தம்பி, மூச்சை இழு."

இழுப்பது கேட்டது. திரையில் நாலு கோடுகளும் கொஞ்சம் விலகின.

"விடு."

விட்டான். அவை திரும்ப உட்கார்ந்தன. ஒவ்வொன்றாக. இடம் பார்த்து. அவை அழுந்த அழுந்த, குழாயைத் திருகினால் தண்ணீர் மெலிவதுபோல், உள்ளே ஓடிய சிவப்பும் நீலமும் மெலிந்தன.

"என்னக்கா தெரியுது?"

"ஒண்ணுமில்லடா. சும்மா படுத்திரு." குரல் அவளுக்கே அன்னியமாக இருந்தது.

திரையின் அடியில் ஒரு வரி மின்னியது. 'கழுவாத படம். முடிவு தேவை.' பக்கத்தில் எண் ஓட ஆரம்பித்தது. நாலு.

இதற்காகத்தான் வந்தாள். டாக்டர் பட்டன். ஒரே ஒரு அழுத்து. சிவப்பு அலெர்ட் போகும், பெட் ரெடி ஆகும், ஆம்புலன்ஸ் கிளம்பும், யாராவது கத்தியை எடுத்துத் திறந்து பார்ப்பார்கள். எவனும் இனிமேல் படம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

மூன்று.

நாலு கோடுகளில் முதலாவது சிறுநீரகத்தை விட்டு எழுந்தது. நுனியில் வளைந்தது. மெல்லத் திரும்பியது. பேட்ச் இருக்கும் பக்கம். அவள் இருக்கும் பக்கம்.

இரண்டு.

அது அவளைச் சுட்டியது.

என்ன இது. என்ன இது. கை எழுந்தது. அவள் கை வேகமான கை. அந்த அறையிலேயே வேகமான கை.

டிக்.

சத்தம் வலது ஓரத்திலிருந்து கேட்டது.

அவள் குனிந்து பார்த்தாள். பதினொரு மாதமாக, எது புரியாவிட்டாலும் எது பயமுறுத்தினாலும் எந்தப் பட்டனுக்குப் போகுமோ, அதே பட்டனின்மேல் அவளுடைய மோதிர விரல் இருந்தது.

'நிழல். உறுதி செய்யப்பட்டது. இந்த நபருக்கு அடுத்த இருபத்து நாலு மணி நேரம் எச்சரிக்கை அனுப்பப்படாது. நன்றி.'

"இல்ல" என்றாள். "இல்ல, இல்ல, இல்ல."

டாக்டர் பட்டனை அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. குத்தினாள். உள்ளங்கையால் அடித்தாள். திரையில் படம் தன்னைத்தானே கழுவிக்கொண்டிருந்தது. மணல் கரைந்தது. கோடுகள் கரைந்தன. குழி நிரம்பியது. வழவழவென்று ஒரு சிறுநீரகம், சிவப்பும் நீலமும் பொங்க, பச்சை டிக்கோடு வந்து நின்றது.

"அக்கா." தம்பியின் குரல் இப்போது கிசுகிசுப்பாக வந்தது. "அக்கா, இப்ப ரெண்டு கையால பிடிக்குதுக்கா."

"தம்பி, எழுந்திரு. பேட்சைப் பிச்சுப் போடு. வாசலுக்கு ஓடு. பக்கத்து வீட்டைக் கூப்பிடு."

சோபாவின் ஸ்பிரிங் முனகியது. ஏதோ தரையில் விழுந்தது. மூச்சு வாங்கும் சத்தம். ஒரு தடவை. இன்னொரு தடவை. அப்புறம் போனில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கடி" என்று கத்தினாள். பக்கத்து சீட்டுக்காரி ஒருத்திதான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போனை எடுத்தாள். மற்றவர்கள் திரும்பவில்லை. அவர்களுக்கு நாலு செகண்ட் ஓடிக்கொண்டிருந்தது. டிக், டிக், டிக்டிக்.

மேற்பார்வையாளர் ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி உள்ளே வந்தார். தன் நாற்காலியில் அவள் இருப்பதைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? நல்லாத்தானே இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. "வாங்க. கிட்ட வந்து பாருங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, படத்தைப் பாருங்க."

அவர் கைக்குட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் குனிந்தார். அவள் படத்தை அப்படியே நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். எல்லாம் நின்றது. சிவப்பு நின்றது. நீலம் நின்றது. மூலையில் ஓடிய கடிகாரம் நின்றது.

சிறுநீரகத்தின் வழவழப்பான தோலுக்கு அடியில், மெஷின் பூசி வைத்த அந்தச் சாம்பலுக்கு அடியில், ஏதோ அசைந்தது. போர்வைக்குள் கை அசைவதுபோல். மேலே ஐந்து. கீழே ஐந்து.

அவரும் பார்த்தார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு வழிந்து போனதை அவள் கண்ணால் கண்டாள். உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. பிறகு அவர் கை, அவரைக் கேட்காமலே, மேஜையின் வலது ஓரத்துக்கு நகர ஆரம்பித்தது. அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

நிறுத்தி வைத்த படத்துக்குள் பத்து விரல்களும், அவசரமே இல்லாமல், ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன.